நம்ம பூச்சிக் குழு ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாசம் ஒரு கூட்டம்னு முடிவு பண்ணோம், நடந்தது ஏழுதான். ரெண்டு தடவை வால்பாறை ரோட்ல யானை நின்னுச்சு, பாதி வழிலயே திரும்பிட்டோம், மழை மாசத்த கணக்குலயே சேர்க்கல.

மார்ச்ல ராத்திரி பூச்சிய இழுக்க வேட்டிய திரை மாதிரி கட்டி லைட் போட்டப்போ சின்ன நாவாய்ப்பூச்சி (சாறு உறிஞ்சுற வகை) ஒண்ணு வந்து உக்காந்துச்சு, முதுகுல குண்டூசி குத்துன மாதிரி ஒரு முள்ளு, நுனில குமிழ் வேற. உடனே குரூப்ல "புது இனம்!"னு போட்டது நாந்தான், ஒத்துக்கிறேன். மறுநாள் எஸ்டேட்ல வேலை பார்க்கிற அக்கா, "தம்பி, இது தேயிலைக் கொசு, கொழுந்துல புள்ளி புள்ளியா கருக வைக்குமே"ன்னு சிரிச்சாங்க. அதோட அறிவியல் பேரு ஹெலோபெல்டிஸ் தீவோரா, வாட்டர்ஹவுஸ்ங்கிற பூச்சி ஆய்வாளர் 1886லயே பேர் வச்சாச்சு.

அந்த அசிங்கத்துக்கு அப்புறம்தான் ஒழுங்கா படிச்சோம். இது மிரிடே குடும்பம், இதுவரைக்கும் பேர் வச்சதே 11,000 இனத்துக்கு மேல, மழைக்காட்டுல இன்னும் எவ்வளவோ பேரில்லாம கிடக்கு. ஏன்னா பாதிக்கு மேல அஞ்சாறு மில்லிமீட்டர்தான், தொட்டா கால் கழண்டு வந்துரும், நிறத்த நம்பவே கூடாது. ஆண் பூச்சியோட வயித்து நுனிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊற வச்சு, உள்ள இருக்கிற இனப்பெருக்க உறுப்ப மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் பல இனத்த பிரிக்கவே முடியும். அதோட நம்ம ஊர் பழைய இனங்களுக்கு நிறைய பேர் வச்சவர் லண்டன்ல இருந்த டிஸ்டன்ட், பேர் வைக்கிறப்போ அவர் பார்த்த மூலப் பூச்சிங்களும் பெரும்பாலும் அங்கதான், ஒப்பிட்டுப் பார்க்கணும்னா கடல் தாண்டணும்.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி புது இனம்னா மாதிரிய அரசு அங்கீகரிச்ச களஞ்சியத்துல குடுத்தாகணும். காப்புக்காட்டுல பர்மிட் இல்லாம ஒரு பூச்சிய பிடிக்கக்கூடாது, அதனால நாம தோட்டத்துலயும் வீட்டுக் கொல்லைலயும்தான் தேடினோம், அதுவும் நல்லதுக்குத்தான்.

கொல்லைல பூத்த நாவல் மரத்த தட்டினப்போ பச்சையா ஒண்ணு கீழ கவுத்துப் பிடிச்ச குடைல விழுந்துச்சு, எந்த விவரிப்போடயும் ஒத்துப் போகல. ஆனா ஒரே ஒரு பெண், ஒரு மீசையும் பாதி ஒடிஞ்சிருக்கு (பூச்சிய எடுத்தது பொருளாளர், நான் இல்ல). முக்கோண அட்டைல ஒட்டி, எடம், தேதி, மரம் பேரு எழுதி டப்பால வச்சிருக்கு. இந்த தடவை குரூப்ல யாரும் எதுவும் போடல.

கணக்கு பொருளாளர் வாசிப்பார். அடுத்த பூ சீசன்ல அதே மரத்துல ஆண் தேடணும், பெரிய குடை இருக்கிறவங்க கொண்டு வாங்க. போன தடவை லென்ஸ் எடுத்துட்டுப் போனவங்க தயவுசெஞ்சு திருப்பிக் குடுங்க.