முன்பணம் யாருடைய பணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சென்னையின் வாடகைக் குடும்பங்கள் பெரும்பாலும் வீடு மாறுகின்றன. சாமான் ஏற்றிய மினி லாரிகள் தெருவுக்குத் தெரு நிற்கும் அந்தப் பருவத்தில், வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே மூளும் சச்சரவுகளில் பெரும்பகுதி முன்பணத்தைச் சுற்றியே நடக்கிறது என்பதைத் திருமணமான நாள் முதல் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்துவரும் நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். தண்ணீர், மின்கட்டணம், வண்டி நிறுத்துமிடம், ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர் என மனத்தாங்கலுக்குக் காரணங்கள் ஆயிரம் இருந்தாலும் அவையெல்லாம் பேசித் தீர்ந்துவிடுகின்றன. அட்வான்ஸ் விஷயத்தில் முகம் கோணிப்போனால், பத்து வருடம் ஒரே வாசலில் கோலம் போட்ட இரண்டு குடும்பங்கள் அதன்பின் ஒருவருக்கொருவர் கல்யாணப் பத்திரிகைகூடக் கொடுத்துக்கொள்வதில்லை.

இதைத் தீர்ப்பதற்கென்று சட்டம் இல்லாமலில்லை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும், பிணக்கு வந்தால் அந்த அமைப்பு, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என மூன்று படிகளில் முறையிடலாம் என்று அது வகுத்துத் தந்துள்ளது. முன்பணத்தைப் பொறுத்தவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றும் அதன் 11-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்று ஒரு விலக்கும் சேர்ந்தே இருக்கிறது. வீடு தேடி அலைபவர் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்வார் என்பது ஊரறிந்தது. ஆகவே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதைச் சட்டமீறல் என்று சொல்லவும் நமக்கு வழியில்லை.

பத்து மாத அட்வான்ஸ் ஒரு நடுத்தரக் குடும்பத்தை என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். மாத வாடகை 15,000 ரூபாய் என்றால் முன்பணம் 1,50,000 ரூபாய். வீடு மாறும்போது புதிய வீட்டுக்கு இதே தொகையையோ அதைவிடக் கூடுதலாகவோ முதலில் கட்டினால்தான் சாவி கிடைக்கும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக்கூலி, பால் காய்ச்சும் செலவு எல்லாம் தனி. பழைய வீட்டின் முன்பணமோ சாவியை ஒப்படைத்த பிறகுதான் வரும். பல நேரங்களில் அப்போதும் வராது. “அடுத்த குடித்தனம் வரட்டும், அவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துடறேன்” என்ற பதிலைக் கேட்காத வாடகைதாரர் இந்த நகரத்தில் அரிது. இடைப்பட்ட மாதங்களுக்கு மனைவியின் வளையலும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. தன் சொந்தப் பணம் இன்னொருவர் கையில் இருக்கும்போது, அதே அளவு பணத்துக்கு வட்டி கட்டுகிற நிலை இது.

அந்தப் பதிலைச் சொல்லும் உரிமையாளர்கள் எல்லோரும் ஏமாற்றும் எண்ணத்தோடு சொல்வதில்லை என்பதையும் நான் அறிவேன். வாங்கிய முன்பணம் அவர்களிடம் இல்லை. மாடியில் இன்னொரு போர்ஷன் எழுப்பவோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, ஒரு மருத்துவச் செலவுக்கோ அது அப்போதே கரைந்துவிட்டிருக்கும். அடுத்தவர் தரும் பணத்தை எடுத்து முந்தையவருக்குத் தருவது என்ற ஏற்பாடு, வீடு ஒரு நாள்கூடக் காலியாக இல்லாதவரை சிக்கலின்றி ஓடும். இரண்டு மாதம் ஆள் வராமல் பூட்டிக் கிடந்தால், அதுவரை கண்ணியமாக நடந்துகொண்டவரும் தொலைபேசியை எடுக்கத் தயங்க ஆரம்பிக்கிறார். முன்பணம் என்பது சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடாக வைத்திருக்க வேண்டிய, அடுத்தவருக்குச் சொந்தமான பணம் என்ற எண்ணம் போய், வட்டியில்லாக் கடன் என்று ஆகிவிட்டதுதான் அடிப்படைக் கோளாறு.

வாடகைதாரர் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் தற்காப்பு நிலைமையை மேலும் கெடுக்கிறது. காலி செய்யப்போகிறோம் என்று தெரிந்ததும் கடைசி மூன்று நான்கு மாதங்களுக்கு வாடகையை நிறுத்திவிட்டு, “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவது இப்போது பரவலாகிவிட்டது. மாத வருமானம் திடீரென்று நின்றுபோன உரிமையாளர், அடுத்து வருகிறவரிடம் இன்னும் இரண்டு மாத வாடகையைச் சேர்த்து முன்பணமாகக் கேட்கிறார். தொகை கூடக் கூட, அதைத் திரும்பப் பெற முடியுமா என்ற பயமும் வாடகைதாரருக்குக் கூடுகிறது. எந்தத் தவறும் செய்யாத புதிய குடும்பம் ஒன்று, முன்னால் இருந்தவரின் அவநம்பிக்கைக்குச் சேர்த்து விலை கொடுக்கிறது.

காலி செய்யும் நாளில் நடப்பதைப் பார்த்தால் எழுத்தில் எதுவும் இல்லாததன் விளைவு புரியும். நாங்கள் முன்பு குடியிருந்த ஒரு வீட்டில் சாமான் இறங்கிய பிறகு உரிமையாளர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அறை அறையாக வந்தார். சுவரில் இருந்த ஆணித் துளைகள், சமையலறைச் சிங்க்கின் கறை, கதவில் தேய்ந்துபோன தாழ்ப்பாள் என ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். படுக்கையறையின் வடக்குச் சுவரில் மொட்டைமாடியிலிருந்து ஓதம் இறங்கி, சுண்ணாம்பு பூத்து உதிர்ந்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாங்கள் அவரிடம் முறையிட்ட இடம் அது. அந்தச் சுவரும் சேதப் பட்டியலில் ஏறியது. பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை முழுதாகப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோது வீடு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அவரிடமும் ஆதாரம் இல்லை, எங்களிடமும் இல்லை. குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து அரை மணி நேரம் செலவழித்து, மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, எந்தச் சுவரில் விரிசல் என்று எழுதிக் கையெழுத்திட்டு, கைபேசியில் படமும் எடுத்து வைத்திருந்தால் அன்றைய வாக்குவாதத்துக்கே இடமிருந்திருக்காது.

உரிமையாளர் தரப்பின் அச்சத்தையும் நான் மனதார மதிக்கிறேன். கணவரை இழந்த என் அக்காவுக்கு ஓய்வூதியம் கிடையாது. கீழ்த்தளத்தில் தான் இருந்துகொண்டு மாடிப் போர்ஷனின் வாடகையில்தான் மாத்திரையும் மளிகையும் வாங்குகிறார். அங்கே குடியிருந்த ஒருவர் வாடகையை நிறுத்திவிட்டு, போகவும் மறுத்து, “கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னபோது அவர் பட்ட வேதனையை உடனிருந்து பார்த்தேன். பழைய சட்டத்தின் காலத்தில் ஒரு வீட்டைக் காலி செய்யவைக்கத் தந்தை தொடுத்த வழக்கை மகன் முடித்த கதைகள் ஏராளம். அந்த நினைவு உரிமையாளர்களின் மனத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் காலியாக இருந்ததாகப் பதிவானதற்கு, வாடகைக்கு விட்டால் திரும்பக் கைக்கு வராது என்ற பயமும் ஒரு காரணம்.

இதே பயம்தான் ஒப்பந்தப் பதிவையும் தடுக்கிறது. 11 மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடும் வழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்க வந்தது. புதிய சட்டத்தில் 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்தே ஆக வேண்டும். ஆனாலும் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, இருவரும் கையெழுத்திட்டுப் பீரோவில் வைப்பதோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். பதிந்தால் வாடகைதாரருக்கு வீட்டில் உரிமை வந்துவிடும், ரேஷன் அட்டையில் இந்த முகவரியைப் போட்டுவிட்டால் 12 வருடத்தில் வீடே போய்விடும் என்றெல்லாம் படித்தவர்களும் நம்புகிறார்கள். வாடகைதாரராக ஒப்புக்கொண்டு நுழைந்தவர், எத்தனை ஆண்டு இருந்தாலும், குடியிருக்கும் காலத்தில் உரிமையாளரின் உரிமையை மறுக்க முடியாது என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக நிலைத்து, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடரும் விதி. உண்மையில், அவர் வாடகைதாரர்தான் என்பதற்கு உரிமையாளரிடம் இருக்கக்கூடிய வலுவான சான்று அந்தப் பதிவுதான்.

இன்னொரு காரணம் வருமான வரி. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கோரும் ஊழியர் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். அதனால் ரசீது கேட்டாலே பலருக்கு முகம் சுருங்குகிறது. “ரசீது வேண்டாம் என்றால் ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன்” என்பவர்களும் உண்டு. வாடகையும் முன்பணமும் ரொக்கமாகவே கைமாறுவதால், கொடுத்ததற்கு ஆதாரமில்லாமல் பின்னால் தவிப்பது வாடகைதாரர்தான். அதோடு முடியவில்லை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காலி செய்யவைப்பதற்கான ஒரு காரணமாகப் புதிய சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஏற்கிறது. உரிமையாளர் கையெழுத்திட மறுத்ததால் ஒப்பந்தம் இல்லாமல்போன வீட்டிலும் வெளியேற வேண்டியவர் குடியிருப்பவர்தான். இது சரியில்லை என்பதே என் தாழ்மையான கருத்து.

காகிதங்கள் ஒரு பக்கமாகவே போகின்றன என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்ட ஐந்து பேர் 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடொன்றில் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, குடியிருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவிட்டது. பாதுகாப்புக்கு அது தேவையென்றே வைத்துக்கொள்வோம். இன்று வாடகைக்கு வருபவர் ஆதார் நகல், புகைப்படம், அலுவலக அடையாள அட்டை, சொந்த ஊர் முகவரி எல்லாம் தருகிறார்; பிறமொழி பேசும் இளைஞராகவோ தனியாக வசிக்கும் பெண்ணாகவோ இருந்துவிட்டால், இன்னும் கூடுதலாக விசாரிக்கப்படுகிறார். இத்தனையும் கொடுத்தவருக்கு, தான் தந்த ஒன்றரை லட்சத்துக்கு ஒரு வரி ரசீது கிடைப்பதில்லை.

மின்கட்டணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற சலுகையைத் தமிழ்நாடு அரசு 2016-இல் அறிவித்தது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலையாக வசூலிக்கும் வீடுகளில் குடியிருப்பவர்களை அது எட்டவேயில்லை. தொகை சிறியதுதான். மாதந்தோறும் நெருடும் இந்தச் சிறிய தொகைதான், நாளைக்கு அட்வான்ஸையும் இவர் ஒழுங்காகத் தருவாரா என்ற சந்தேகத்துக்கு விதை போடுகிறது.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாநிலங்களுக்கு முன்மாதிரியாக 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கான முன்பணத்துக்கு இரண்டு மாத வாடகையை உச்சவரம்பாக வைக்கிறது. தமிழ்நாடு அந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தான் ஏற்கெனவே எழுதிய மூன்று மாத வரம்பிலிருந்து அந்த விலக்குச் சொற்களை நீக்கினாலே போதும். பழைய முன்பணத்தைச் செலவழித்துவிட்ட உரிமையாளர்களைத் திடீரென்று நெருக்கடியில் தள்ளாமல், இனிமேல் போடப்படும் ஒப்பந்தங்களுக்கு மட்டும் இதைக் கட்டாயமாக்கலாம். முன்பணம் வங்கி வழியாகவே தரப்பட வேண்டும். அந்தப் பரிமாற்ற விவரமும், குடிவரும் நாளில் இருவரும் கையெழுத்திட்ட வீட்டுநிலைக் குறிப்பும் பதிவோடு இணைக்கப்பட வேண்டும். ஒரு மாதக் கெடு தாண்டியும் பணம் திரும்பவில்லையென்றால், வழக்கறிஞர் வைக்காமல் வாடகைதாரரே ஒரு விண்ணப்பத்தின் மூலம் வாடகை அதிகார அமைப்பை அணுகி உத்தரவு பெறவும், தாமதமான நாள்களுக்கு வட்டி பெறவும் வழி செய்ய வேண்டும்.

இதற்கு ஈடாக உரிமையாளருக்கும் ஓர் உறுதி தரப்பட வேண்டும். மூன்று மாத முன்பணம் மட்டும் கையில் இருக்கும் என் அக்கா போன்றவர்கள், வாடகை நின்றுபோனால் ஆண்டுக்கணக்கில் அலையத் தேவையில்லை என்று தெரிந்தால்தான் வரம்பை ஏற்பார்கள். இரண்டு மாத வாடகை பாக்கியைக் காலி செய்யவைக்கும் காரணமாகச் சட்டம் ஏற்றிருந்தாலும், அந்த மனு எத்தனை நாளில் தீர்ந்து வீடு கைக்கு வருகிறது என்பதில்தான் அவர்களின் நிம்மதி இருக்கிறது. வாடகை நீதிமன்றங்களில் போதிய அலுவலர்களை நியமித்து, தாக்கலான மனுக்கள் எவ்வளவு, முடிந்தவை எவ்வளவு, முன்பணம் தொடர்பானவை எவ்வளவு என்ற விவரத்தை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால் இரு தரப்புக்கும் உதவியாக இருக்கும். ஒப்பந்தத்தைப் பதியும் முறையையும், பதிவதால் சொத்துரிமை எதுவும் பறிபோகாது என்ற விளக்கத்தையும், சொத்துவரி ரசீதுடன் ஓர் அச்சடித்த தாளாக வீட்டு உரிமையாளர்களுக்கு அனுப்பிவைக்க மாநகராட்சியும் நகராட்சிகளும் முன்வர வேண்டும். அடுத்த வீடு மாறும் பருவத்துக்கு முன்பே இதைத் தொடங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர்,
குரோம்பேட்டை, சென்னை.