சுவிட்சைப் போட்டால் அணைந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்ணில் விடப்படும் மரபணு மாற்றிய பாக்டீரியாக்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், "வேலை முடிந்ததும் தானே செத்துப்போகும் சுவிட்ச் உள்ளே இருப்பதால் கவலை தேவையில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கட்டுரையாளர் வீட்டு மோட்டார் சுவிட்சை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

நான் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 26 வருடம் தட்டு கழுவியவன். ஆம்பிசிலின் மருந்தைத் தாங்க வைக்கும் பிளாஸ்மிட் (தனியாக இருக்கும் குட்டி டி.என்.ஏ. வளையம்) ஏற்றிய ஈ.கோலை பாக்டீரியாவை அந்த மருந்தில்லாமல் மாற்றி மாற்றி வளர்த்தால், கொஞ்சம் கொஞ்சமாக அதை உதறிவிடும். சுமையை இறக்கியது வேகமாகப் பெருகும், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் சுவிட்ச் தன்னையே கொல்லும் மரபணுதான், அதைவிடப் பெரிய சுமை உண்டா? அதில் ஓர் எழுத்து பிசகினால் பிழைத்துக்கொள்ளும், பிழைத்ததுதான் குட்டி போடும்.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். வைத்த அளவு, பத்துக் கோடியில் ஒன்றுக்கு மேல் தப்பக்கூடாது என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்க வளர்ந்த திரவத்தில் மில்லிக்கு நூறு கோடி இருக்கும், லிட்டருக்கு லட்சம் கோடி, தப்பியது பத்தாயிரம். வயலுக்கு ஒரு லிட்டரா தெளிப்பார்கள்? செத்ததன் டி.என்.ஏ.வைப் பக்கத்து பாக்டீரியா எடுத்துக்கொள்வதைப் பற்றியும் மூச்சில்லை.

1987-ல் கலிபோர்னியாவின் பிரென்ட்வுட்டில், உறைபனியைத் தடுக்க மரபணு நீக்கிய பாக்டீரியாவை ஒரு கம்பெனி ஸ்ட்ராபெரி செடிகள்மேல் தெளித்தது. தெளித்தவர் உடம்பு முழுக்க மூடிய உடையில்! அதற்கு முன்பே அந்தக் கம்பெனி தன் மொட்டைமாடி மரங்களில் அனுமதியில்லாமல் சோதித்து அபராதமும் கட்டியது. ஆக, சுவிட்ச் இருந்தாலும் ஆள் ஒழுங்காக இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் கருவி மூன்று வாரம் பழுதாகிக் கிடந்தபோது, பாக்டீரியா வளர்த்த தட்டுகளில் லைசால் கிருமிநாசினி ஊற்றிச் சாக்கடையில் விட்டதை என் கண்ணால் பார்த்தேன், நானும்தான் ஊற்றினேன்.

வழியே இல்லை என்று சொல்லவரவில்லை. 2015-ல் ஹார்வர்டு, யேல் ஆய்வாளர்கள், இயற்கையில் கிடைக்காத அமினோ அமிலம் இல்லாமல் வாழ முடியாதபடி ஈ.கோலையை மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான கோடி செல்களில் தேடியும் தப்பியது அகப்படவில்லை. உங்கள் கட்டுரையில் இது எங்கே?

உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டு வருடம் முன்பு தயிர் பாக்டீரியா கட்டுரைக்கு கொரோனா வைரஸ் படம் போட்டபோதும் எழுதினேன். என் கேள்வியை வெட்டிவிட்டு "கட்டுரை அருமை" என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள்.

அடுத்த இதழில் அந்த "கவலை தேவையில்லை"க்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள், அது போதும். பாராட்டு இந்த முறை எழுதவில்லை, வெட்டித் தேட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், தஞ்சாவூர்