குமரி மாவட்டக் கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுக்களுக்கு: நிரலை மாற்றும் முன் தரவைத் திறந்து கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் இயக்குநர்களுக்கும் செயலாளர்களுக்கும், வணக்கம்.

மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலைப் பக்கத்துச் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இப்போது போகிற இடமெல்லாம் ஒரே பேச்சாக இருக்கிறது: "நம்ம புரோகிராம் பழசாயிட்டு, புது லாங்குவேஜுல மாத்தி எழுதணும்." அதற்குப் பணம் ஒதுக்கித் தீர்மானம் போடும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அந்தப் பழைய நிரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ரப்பர் சங்கத்தில் உறுப்பினர் கேனில் கொண்டுவரும் ரப்பர் பாலை எடை போட்டு, மாதிரி எடுத்து டி.ஆர்.சி. சதவீதம், அதாவது பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று, பார்த்து எழுதுகிறோம். எடையையும் சதவீதத்தையும் அன்றைய விலையையும் பெருக்கி, முன்பணத் தவணையைக் கழித்து, மிச்சத்தை நிரல் வரவு வைக்கிறது. விலை தினமும் மாறும். கணக்குப் போடும் முறை மாறுவதில்லை. வருடக்கணக்காக ஓடி, தணிக்கையில் தேறி, பிழைகள் களையப்பட்ட நிரல் அது. மாற்றி எழுதினால் அந்தப் பிழைகளில் பாதியாவது மறுபடி முளைக்கும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஜூனில் மழை பிடித்ததும் பால் வெட்டு நின்றுவிடுகிறது. "மழைக்கு முன்னால் ஒழுங்காகப் பால் தந்து, ஆகஸ்டுக்குப் பிறகு வராமல் போன உறுப்பினர்கள் யார்? அவர்களில் யாருக்குக் கடன் பாக்கி?" என்று செயலாளர் கேட்கிறார். நிரலில் அப்படி ஓர் அறிக்கை இல்லை. என்னைக் கூப்பிட்டால் நான் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை எழுத்தர் என்ன செய்கிறார்? டாட் மேட்ரிக்ஸில் அடித்த நீளத் தாள்களை மேசையில் விரித்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி, ஒவ்வொரு உறுப்பினரையும் எக்செலில் மறுபடி தட்டச்சு செய்கிறார். 00417 என்று அடித்த எண் 417 ஆகிவிடுகிறது. வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமாக இருந்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் தரவைக் கண் வலிக்க வலிக்க மறுபடி அடிக்க வைப்பது அந்த எழுத்தருக்கு நாம் செய்யும் அநியாயம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த அளவு உறுப்பினர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. பட்டியலைப் பார்த்ததும் "இவர் மரத்தை முறிச்சு மறுநடவு செய்திருக்காரு, அதனாலதான் பால் இல்ல" என்று அவரால் சொல்ல முடியும். கேள்வியை அவரே கேட்கும்படி விடவேண்டும்.

இந்தச் சிக்கல் நம்ம ஊரில் மட்டும் வந்ததல்ல. 1959இல் வணிகக் கணக்குக்கான கோபோல் என்ற நிரல் மொழிக்கு வேலை தொடங்கியபோதே, கணக்குத் துறை மேலாளரும் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கவேண்டும் என்பது ஒரு நோக்கம். அமெரிக்கக் கணினி நிபுணர் கிரேஸ் ஹாப்பரின் முந்தைய மொழியிலிருந்து வந்த எண்ணம் அது. மொழி நல்ல மொழி. பணத்தைத் தசம எண்ணாகவே வைத்துக் காசு பிசகாமல் கணக்கிடுவதில் இன்றும் அதற்கு மரியாதை உண்டு. ஆனாலும் மேலாளர்கள் யாரும் உட்கார்ந்து நிரல் எழுதவில்லை. கோபோலின் 1985 தரநிலைக்குப் பிறகு 2002இல் பொருள்நோக்கு என்ற நிரல் எழுதும் முறைக்கான வசதிகளைச் சேர்த்து அடுத்த பெரிய தரநிலை வந்தது. அலுவலக எழுத்தருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவரோ 1979இல் பிரிக்ளினும் ஃபிராங்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளையும், அதன் வழிவந்த எக்செல் போன்ற விரிதாள்களையும் எப்போதோ கையில் எடுத்துவிட்டார். 1974இல் ஐ.பி.எம்.மில், தரவிடம் கேள்வி கேட்டு விடை எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லின் முதல் வடிவத்தை உருவாக்கியவர்களும் நிரலர் அல்லாதவர்களை மனத்தில் வைத்துத்தான் அதைச் செய்தார்கள். மொழியை எவ்வளவு மெருகேற்றினாலும், கேட்பவர் ஒருவர், எழுதித் தருபவர் இன்னொருவர் என்றிருக்கும் வரை காத்திருப்பு தீராது.

சரி, எல்லாவற்றையும் எக்செலில் கொட்டிவிடலாமா? கூடவே கூடாது. பிரிட்டனில் 2020 இலையுதிர் காலத்தில் சுமார் 16,000 கொரோனா தொற்று விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை, மீதி விழுந்துவிட்டது. பணம் பதியும் வேலை நிரல் வழியாக மட்டுமே நடக்கவேண்டும். எழுத்தர் கையில் கொடுப்பது பார்க்க மட்டுமான நகலாக இருக்கவேண்டும். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் ஓடும் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. என்றாவது மாறித்தான் ஆகவேண்டும். அந்த மாற்றத்துக்கும் முதலில் தரவு சுத்தமாக வெளியே வரவேண்டும். பல இடங்களில் பெயர்கள் பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றாமல் தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. நகல் எடுக்கும் வேலையிலேயே இதையும் முடித்துவிடலாம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தினமும் சாயங்காலம் கணக்கு முடித்ததும் உறுப்பினர், கொள்முதல், கடன் அட்டவணைகளின் நகல் ஒரு தனிக் கணினிக்குப் போகட்டும். உறுப்பினர் எண் எண்ணாக அல்லாமல் எழுத்தாகப் பதியட்டும். அட்டவணையின் எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். எழுத்தருக்கு வடிகட்டவும், இரண்டு பட்டியல்களைச் சேர்க்கவும், எக்செலில் தொகுத்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிள் போடவும் பயிற்சி கொடுங்கள். அந்த நாட்களுக்குச் சம்பளமும் கொடுங்கள், வீட்டில் போய்ப் படித்துக்கொள் என்று சொல்லாதீர்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேருங்கள். மென்பொருள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, தரவு சங்கத்துக்குச் சொந்தம், எப்போது கேட்டாலும் முழு நகலும் அட்டவணை விளக்கமும் தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதி வாங்குங்கள். என்னோடு போடும் ஒப்பந்தத்திலும் முதலில் அதையே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கங்களின் மென்பொருளைப் பராமரிக்கும் ஒருவன்,
தக்கலை