பாரதி பிறந்தநாள் பரிசு

அன்புள்ள பாப்பா,

அரையாண்டுத் தேர்வு நேற்றோடு முடிந்தது. விடைத்தாள் கட்டு மூன்று மேஜைமேல் கிடக்கிறது, லீவிலேயே திருத்தியாக வேண்டும். போனில் சொன்னால் நீ "ம், அப்புறம்" என்றபடியே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். வேறொரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடத்துச் சேதி. தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வில் நம் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தேறிவிட்டாள். உன் காலத்தில் இந்தத் தேர்வு கிடையாது, 2022-இல்தான் வந்தது. மாநிலம் முழுக்க 1500 பேரை எடுத்து, மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் கொடுக்கிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கேள்வியெல்லாம் பத்தாம் வகுப்புத் தமிழை ஒட்டியே வரும். "முடிச்ச புத்தகத்தை மறுபடி எதுக்கும்மா?" என்று மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். இவள் மட்டும் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்திலும் தொகாநிலைத் தொடர் ஒன்பதையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். எட்டு வரும், ஒன்று விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ரிசல்ட் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, பணம் என் பேர்லயே வருமா?" ஏன் கேட்கிறாள் என்று தெரியும். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

கலைத் திருவிழாவில் பறையாட்டப் பிள்ளைகள் மாவட்டம் வரை போனார்கள். போட்டியன்று காலையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். புகையைப் பார்த்துப் பதறி ஓடிவந்த ஹெச்.எம். சத்தம் போடப் போகிறார் என்று பார்த்தால், தன் அறையிலிருந்த பழைய பேப்பரையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாநிலப் போட்டிக்குப் போக முடியவில்லை. கோ-கோவில் பெண்கள் குறுவட்டத்தில் ஜெயித்து அடுத்த சுற்றில் தோற்றார்கள். அதைப் பற்றிப் பி.டி. சார் இன்னும் பேசிக்கொண்டேயிருக்கிறார், விடு.

பத்தாம் வகுப்பில் ஒரு பையன். காலாண்டில் கணக்கில் 19. சாயங்கால வகுப்பில் கணக்கு சார் அவனைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு வரைபடமும் வடிவியலும் போட்டுப் போட்டுப் பழக்கினார். இப்போது 37. பாஸ் மார்க்கைவிட இரண்டு அதிகம். சட்டைப் பையில் நாலாய் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துத் தமிழம்மாவான என்னிடமும் காட்டிவிட்டுப் போனான்.

இந்தக் கணக்கு சாரின் மகன் நம் பள்ளியில்தான் ஒன்பதாவது படிக்கிறான். டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள் கட்டுரைப் போட்டிக்கு நாங்கள் மூன்று பேர் நடுவர்கள். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கூட்டிப் பார்த்தால் முதலாவது வந்த எண் அவனுடையது. உடனே மற்ற இருவரும் தயங்கினார்கள். "டீச்சர் பிள்ளைக்கே கொடுத்தா பேச்சு வரும். ரெண்டாவதா வச்சிடலாமே?" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "மார்க் போட்டது நீங்கதானே? அப்புறம் என்ன?" என்று கேட்டேன். நேற்றுக் கடைசி மணிக்கு முன்னால் அவன் கைதட்டலோடு முதல் பரிசை வாங்கினான். கணக்கு சார் மேடைப் பக்கம் திரும்பவேயில்லை, கடைசி வரிசைப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிற்பு தெரியும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

நீ ஒன்பதாவது படித்தபோது நடந்த பேச்சுப் போட்டி நினைவிருக்கிறதா? அன்று உனக்கு மூன்று மார்க் அதிகம். நான் நடுவர்கூட இல்லை. பட்டியல் எழுதுகிற சாக்கில் உள்ளே போய், "என் பொண்ணை ரெண்டாவதா போட்டுக்குங்க சார்" என்று நான்தான் சொன்னேன். அவர்கள் மறுத்தார்கள், நான் விடவில்லை. முதல் பரிசு பாரதியார் கவிதைகள், உனக்குக் கிடைத்தது எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீட்டுக்கு வந்து, "நான் எங்கேம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாய். நானும் கூசாமல், "முடிவை அவசரமா முடிச்சிட்டே" என்றேன். அதன்பிறகு நீ மேடை ஏறவேயில்லை. படிப்பு அதிகமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ அவசரப்படவில்லை, பாப்பா. நன்றாகத்தான் முடித்தாய்.

அந்த டிபன் பாக்ஸை நீ ஒருநாள்கூடப் பள்ளிக்கு எடுத்துப் போனதில்லை. பாவம் என்று அதில் கடுகு போட்டு வைத்தேன், இன்றைக்கும் அதில்தான் இருக்கிறது. மூடியில் உன் பெயரும் 'இரண்டாம் பரிசு' என்பதும் பாதி தேய்ந்துவிட்டன.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா? புனேயிலிருந்து வெயிட்டிங் லிஸ்ட் என்றால் இப்போதே சொல். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

அம்மா