மகளுக்கு: அந்த எட்டுக் கிழமைக் கணக்கு

கல்லடி, மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

சித்திரை (ஏப்ரல்) 27 கிளினிக்கில் உன் கர்ப்ப அட்டையில் 8 கிழமை (வாரம்) என்று எழுதினார்களாம். மருமகன் கட்டாரிலிருந்து வந்ததே பங்குனி (மார்ச்) 20 என்று மாமி விரல்விட்டு எண்ணுகிறாவாம். இதற்கு நீ அழவேண்டாம் மனே. அந்த 8 கிழமை உன் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து, அதாவது பங்குனி 2 இலிருந்து எண்ணியது. அன்றைக்கு வயிற்றில் கருவே இல்லை. கரு உண்டான நாளை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, மாதவிடாய் வந்த நாளைச் சொல்லலாம். அதனால் எல்லா நாட்டிலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவளுக்கு, ஏறக்குறைய 14 நாள் கழித்து முட்டை வெளியாகும். உனக்கு 35 நாள். முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை அநேகமாக 14 நாள்தான், நீளுவது முன்பாதி. 35இல் 14 போக 21. பங்குனி 2 உடன் 21ஐக் கூட்டு, பங்குனி 23. அங்கிருந்து கிளினிக் நாளுக்குச் சரியாக 5 கிழமை. மாமிக்கு இந்தக் கூட்டல் கழித்தலைத் தாளில் எழுதியே காட்டு.

ஆனால் 23ஆம் திகதியென்று அடித்துச் சொல்லாதே. விந்து உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும், முட்டையோ ஒரு நாள் தாங்காது. சேர்ந்த நாளும் கரு உண்டான நாளும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்றில்லை. முட்டையும் சில நாள் முந்திப் பிந்தி வரும்.

14 கிழமைக்குள் ஸ்கேன் எடு. தலையிலிருந்து பிட்டம் வரை அளப்பார்கள். 7 கிழமையில் சுமார் 10 மில்லிமீற்றர். உனக்கு அட்டையை விட ஒரு கிழமை குறைவாகக் காட்டும், பிள்ளை வளரவில்லை என்று பயந்துவிடாதே. ஸ்கேன் சொல்லும் கிழமையிலும் அந்த முதல் 14 நாள் சேர்ந்தேயிருக்கும். கரு நாள் வேண்டுமென்றால் அதைக் கழிக்கவேண்டும். அப்படியும் ஐந்தாறு நாள் பிசகும். பிந்தி எடுத்தால் பிசகு கூடும், கடைசி மாதங்களில் 3 கிழமை வரை.

 

மிட்வைஃப் மிஸ்ஸிடம் 35 நாள் என்பதைச் சொல்லு. பங்குனி 2 இலிருந்து 280 நாள் எண்ணி, பிள்ளை பிறக்கும் திகதி மார்கழி (டிசம்பர்) 7 என்று போட்டிருப்பார்கள். உனக்கு 7 நாள் பிந்தி மார்கழி 14தான் பொருந்தும். ஸ்கேனும் அதையே காட்டினால் டொக்டரிடம் கேட்டுத் திகதியை மாற்றுவி. மாற்றாவிட்டால் நாள் கடந்துவிட்டதென்று ஒரு கிழமை முன்கூட்டியே பிரசவ வலி வரவைக்க மருந்து ஏற்றக்கூடும். முதல் ஸ்கேன் தாளை அட்டையோடு சேர்த்தே வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா