பூ உதிர்ந்தபின் வரும் அனுமதி: மாவட்ட வன அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் கோட்டத்தின் பெயரையும் சோதனைச்சாவடியின் பெயரையும் இம்மடலில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எழுதினால், விளக்கம் கேட்கப்படுபவர் அன்று கொட்டும் மழையில் தடுப்புக் கம்பத்தருகே நின்றிருந்த வேட்டைத் தடுப்புக் காவலராகத்தான் இருப்பார். அவர்மீது எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை. தமக்குச் சொல்லப்பட்டதை அவர் மரியாதையாகவே செய்தார். மாவட்ட அலுவலகத்தின் கடிதம் இல்லாமல் கேமராவில் செடிகளைப் படமெடுக்கக் கூடாது என்று எங்களைத் திருப்பி அனுப்பச் சொன்ன உத்தரவைப் பற்றித்தான் இம்மடல்.

சென்ற ஆடியில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் மனுவும் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அரசுப் பேருந்து ஓடும் சாலை அது. காட்சிமுனைக்குச் செல்லும் கார்களும் ஜீப்புகளும் நாள் முழுவதும் அதில் போய்வருகின்றன. கைப்பேசி வைத்திருப்பவர் எதை வேண்டுமானாலும் படமெடுக்கலாம். லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா வைத்திருப்பவர் மட்டும் மாவட்ட அலுவலகத்தின் கடிதம் இல்லாமல் அதைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்றார்கள். முக்காலி இருந்துவிட்டால் அது 'ஷூட்டிங்' ஆகிவிடுமாம். ஆனி மாதத் தொடக்கத்திலேயே முறைப்படி விண்ணப்பித்துவிட்டோம் என்று ஒப்புகைச் சீட்டைக் காட்டியபோது, "ஃபைல் மேலே போயிருக்கும் சார், லெட்டர் வந்ததும் வாங்க" என்று பதில் கிடைத்தது.

கடிதம் வந்தது. தை மாதத்தில் வந்தது.

தாமதம் என்பது அரசு அலுவலகங்களில் புதிதல்ல. அதற்காக மட்டும் யாரும் திறந்த மடல் எழுதுவதில்லை. நாங்கள் படமெடுக்க விரும்பிய செடி எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இந்தத் தாமதத்தின் பொருள் விளங்கும். அது காசித்தும்பைப் பேரினத்தைச் சேர்ந்தது. தரைக்கு மேல் தண்டு என்று எதுவும் அதற்கு இல்லை. பாறை இடுக்கில் பாசியோடு ஒட்டிக் கிடக்கும் சிறு கிழங்கிலிருந்து தென்மேற்குப் பருவமழையில் இரண்டு மூன்று இலைகள் விரியும். அவற்றின் நடுவிலிருந்து மெல்லிய காம்பு எழுந்து இளஞ்சிவப்புப் பூக்களைத் தாங்கும். மழை ஓய்ந்து பாறை காய்ந்ததும் இலையும் பூவும் மறைந்துவிடும். கிழங்கு மட்டும் அடுத்த மழை வரை உறங்கும். தை மாதத்தில் அனுமதிக் கடிதத்தோடு போய் நின்றால் வெறும் பாறையைத்தான் படமெடுக்கலாம். கடிதத்தில் "தாவரங்களைப் புகைப்படம் எடுக்க அனுமதி அளிக்கப்படுகிறது" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கையொப்பமும் முத்திரையும் சரியாக இருந்தன.

கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கனிவோடு கேட்டார். எடுத்துப் பார்த்தோம். மேகம் கவிந்த வெளிச்சத்தில், சொட்டும் பாறையில், சுண்டுவிரல் நகமளவு பூவுக்கு அருகில் கொண்டுபோனால் கைப்பேசி பூவை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் பாசியைத் தெளிவாகக் காட்டுகிறது. இதழ்களோ ஒரே இளஞ்சிவப்புக் கறையாகிவிடுகின்றன. காசித்தும்பைகளில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதற்குப் பூவின் பின்னால் நீளும் தேன்குழல் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைகிறது, பக்கவாட்டு இதழ்கள் எப்படிப் பிளந்திருக்கின்றன, இலையின் அடிப்புறத்தில் மயிர் உண்டா என்பவை தெரிந்தாக வேண்டும். அதற்கு மேக்ரோ லென்ஸும், காற்றிலும் நடுக்கத்திலும் கேமராவை நிலைநிறுத்த ஒரு சிறு முக்காலியும் தேவை. திரைப்படம் எடுக்க அல்ல.

செடியைப் பறித்து உலர்த்தி வைத்தால் போதாதா என்றால், இந்த இனத்தில் அது போதாது. இப்பூக்கள் நீர்ச்சத்து மிகுந்தவை. தாளில் அழுத்தி உலர்த்தினால் வடிவம் குலைந்து, நிறமும் போய்விடும். இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் தம் முதுமையின் பெரும்பகுதியை, 1911இல் தமது 94ஆம் வயதில் இறக்கும்வரை, இந்தப் பேரினத்தோடு மல்லுக்கட்டியே கழித்தார். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பிலுள்ள சென்னை உலர்தாவரக் காப்பகத்தில் உலர்ந்த செடிகளை ஒட்டிய தாள்கள் எத்தனை இருந்தாலும், உயிரோடு நிற்கும் பூவின் நல்ல படம் ஒன்று அவற்றோடு சேர்வது அறிவியலுக்கு உதவி. இதில் செடிக்கு ஒரு சேதமும் இல்லை. பறிப்பதற்கு மாற்றாகத்தான் படம் எடுக்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பொதுமக்கள் ஏற்கெனவே அனுமதிக்கப்படும் சாலைகளிலும் பாதைகளிலும் தாவரங்களைப் படமெடுப்பதற்கான அனுமதியை, மாவட்ட அலுவலகம் வரை அனுப்பாமல், வனச்சரக அலுவலகத்திலேயே அன்றைக்கே வழங்க ஏற்பாடு செய்யுங்கள்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் செல்ல அனுமதி தரத்தக்க நோக்கங்களைப் பிரிவு 28இல் வரிசைப்படுத்தும்போது, ஆராய்ச்சிக்கும் சுற்றுலாவுக்கும் இணையாகப் புகைப்படம் எடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் அதற்கோ உயிரினங்களுக்கோ தீங்கு செய்யாமலும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தது. அந்த நிபந்தனையை இருகரம் நீட்டி வரவேற்கிறோம். சரணாலயத்தின் உட்பகுதிக்குள் நாங்கள் போக விரும்பவுமில்லை. பேருந்துச் சாலையின் ஓரத்தைத்தான் கேட்கிறோம்.

தங்கள் தரப்பு அச்சங்களில் நியாயமானவை உண்டு. அரிய ஆர்க்கிட் ஒன்றின் படம் இடக்குறிப்போடு வெளியானால், அடுத்த வாரமே யாராவது சாக்குப்பையோடு வந்து நிற்கக்கூடும். உயிரினங்களின் படங்களைப் பொதுமக்கள் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்கள் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே மறைத்துக் காட்டுகின்றன. அதற்கு மேலும் எந்த இடத்தையும் வெளியிட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். டிரோன் கூடாது என்றால் கூடாதுதான். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்றால் இறங்க மாட்டோம். எடுத்த படங்களின் நகலைத் தங்கள் அலுவலகத்துக்கே தருகிறோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் திருப்பி அனுப்பப்பட்ட அன்று, சாவடிக்குச் சற்றுக் கீழே உள்ள வளைவில் சாலையோரச் சரிவை ஒரு பொக்லைன் இயந்திரம் சுரண்டிக்கொண்டிருந்தது. பாசியும் பெரணியும், பெயர் தெரிந்ததும் தெரியாததுமான செடிகளும் மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறின. அந்த ஓட்டுநரிடம் யாரும் மாவட்ட அலுவலகத்தின் கடிதம் கேட்டதாகத் தெரியவில்லை. இயந்திரத்தில் லென்ஸ் இல்லாததால் விதி பொருந்தவில்லை போலும். காட்சிமுனையில் ஜீப்பின் கூரைமேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து ரீல்ஸ் எடுத்தவர்களுக்கும் தடையில்லை. அவர்கள் வைத்திருந்தது கைப்பேசி. ஆண்டுதோறும் அக்டோபர் முதல் வாரத்தில் வன உயிரின வார விழாவுக்குத் தங்கள் துறையினரே புகைப்படப் போட்டி அறிவிக்கிறார்கள். பரிசு பெறும் படங்களைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். அப்படங்கள் எந்தச் சாவடி வழியாக, எந்தக் கடிதத்தோடு எடுக்கப்பட்டவை என்று அறிய எங்களுக்கும் ஆவல்தான்.

மனு எழுத உட்கார்ந்தவன் வழக்காடத் தொடங்கிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். யானைத் தடமும் காட்டுத்தீயும் வேட்டையும் போதாதென்று சுற்றுலாக் கூட்டத்தையும் குறைந்த ஆட்களை வைத்துச் சமாளிக்கும் துறை தங்களுடையது என்பதை நாங்கள் மறக்கவில்லை. எங்களைப் போன்றோரின் விண்ணப்பங்களை மாவட்ட அலுவலகத்தின் மேசையிலிருந்து இறக்கினால் அந்தச் சுமையும் கொஞ்சம் குறையும்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும். அதற்குமுன், பொதுச் சாலையிலும் பாதையிலும் தாவரங்களைப் படமெடுக்கும் அனுமதியை வனச்சரக அளவிலேயே, விண்ணப்பிக்கும் நாளிலேயே வழங்குமாறு ஒரு சுற்றறிக்கை அனுப்பப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அது இயலாதெனில், இயலாது என்ற பதிலையாவது மழைக்கு முன்பே தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். இவ்வாண்டுக்கான புதிய விண்ணப்பத்தை, கேமரா, லென்ஸ், முக்காலி ஆகியவற்றின் விவரத்தோடும், பழைய அனுமதிக் கடிதத்தின் நகலோடும் தனியே பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாவரங்களைப் படமெடுக்கும் நண்பர்களின் சார்பில் ஒருவன்