பெண்களை ஃபோனில் ஸ்டேஷனுக்கு அழைப்பதை நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்:
மேற்குக் கடற்கரை ஊர்களின் பொதுமக்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: காவல் நிலைய விசாரணை முறை – மாவட்ட மனித உரிமைக் குழு அமைத்தல் – தொடர்பாக.
பார்வை: மக்கள் குறைதீர் நாளில் முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முந்தைய மனுக்களுக்கு எண் வந்தது, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற குறுஞ்செய்தியும் வந்தது. பதில் வரவில்லை. கோவில் கொடையும் பங்குத் திருவிழாவும் சந்தனக்கூடும் ஜெபக்கூட்டமும் ஒரே சாலையில் நடக்கும் மாவட்டம் இது. 1982 மண்டைக்காட்டு மதக் கலவரத்துக்குப் பின் காவல்துறை இங்கே ஏன் இத்தனை விழிப்பாக இருக்கிறது என்பது தாங்கள் அறிந்ததே. அந்த விழிப்பைக் குறை சொல்லவில்லை. அது யார் தலையில் விடிகிறது என்பதே எங்கள் கவலை.

1. மைக் செட், கொடிமரம், ஊர்வலப் பாதை என எந்தச் சச்சரவானாலும் இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் பெயர் சேர்க்கிறார்கள். யார் செய்தது என்பதை விடக் கணக்குச் சரியாக இருப்பதே முக்கியம். பிறகு பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம்.

2. பெயர் சேர்க்கப்பட்டவர் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஆழ்கடலுக்குப் போயிருப்பார். திரும்ப வாரக்கணக்காகும். ஆகவே மனைவிக்கோ தாய்க்கோ ஃபோன் வருகிறது: "அய்யா கூப்பிடுறாரு, ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ." எந்த மனு, அதைப் பதிந்த சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) எண் என்ன, விசாரிப்பது யார், ஒன்றும் சொல்வதில்லை. காலையில் போனவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, எதிர்த்தரப்பு வரட்டும், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்திலிருந்து வரட்டும் என்று விளக்கு வைக்கும் நேரமும் தாண்டிவிடுகிறது.

பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவின்படி சாட்சியை எழுத்தில்தான் அழைக்க வேண்டும். பெண்களையும், 60 வயது கடந்த, 15 வயது நிரம்பாத ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். தாமாக வர விரும்பினால் ஸ்டேஷனில் அனுமதிக்கலாம் என்று அதே பிரிவில் ஒரு வரி உண்டு. அந்த வரிதான் மற்ற எல்லாவற்றையும் விழுங்குகிறது. மிரட்டி வரவழைத்துவிட்டு 'விரும்பி வந்தார்' என்று எழுதினால் வேலை முடிந்தது. சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்ய 43-ஆம் பிரிவு தடை விதிக்கிறதே என்றால், "கைது இல்லம்மா, விசாரணைதான்" என்கிறார்கள். வழக்குப் புலனாய்வில் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு. இங்கே வெள்ளைத் தாளிலும் வாங்குகிறார்கள். மலையாளம் கலந்த கடற்கரைப் பேச்சில் சொன்னது அலுவலகத் தமிழில் என்னவாக மாறியது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளியின் பாடு இன்னும் மோசம்.

3. எழுத்தில் ஏதும் இல்லாததால் மிஞ்சும் ஒரே சாட்சி கேமராதான். நுழைவாயில், வராந்தா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை உட்பட எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவாக வேண்டும், 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 2.12.2020 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். தகவல் உரிமைச் சட்டப் பதிலுக்கு 30 நாள். அதற்குள் 'கேமரா பழுது' ஆகிவிடுகிறது. இதைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவில் ஆட்சியரும் உறுப்பினர் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தக் குழு கூடுகிறதா? கூடினால், எந்த ஸ்டேஷனின் எந்த நாள் பதிவைப் பார்த்தது?

4. ஸ்டேஷனைப் பற்றிய மனு அதே ஸ்டேஷனுக்கே விசாரணைக்குப் போகிறது! "மனு கொடுத்தியாமே, வந்துட்டுப் போ" என்று மறுபடியும் ஃபோன். இதற்கு மனு கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

5. மாநில மனித உரிமை ஆணையம் இருப்பது சென்னையில். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2) பிரிவு கதவை அடைத்துவிடும்.

ஆகவே, மனு எண், நாள், நேரம், அதிகாரி பெயர் எழுதிய தாள் இல்லாமல் யாரையும் அழைக்கக் கூடாது என்றும், பெண்களை வீட்டிலேயே பெண் காவலரோடு வந்து விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவிடப் பணிவுடன் வேண்டுகிறோம். விரும்பி வருபவரானாலும் வந்த நேரமும் போன நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். புகார் வந்த அன்றே அந்த நாளின் கேமரா பதிவைத் தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும். ஸ்டேஷன் மீதான மனுவை வேறு உட்கோட்ட டி.எஸ்.பி. விசாரிக்கட்டும். மாவட்ட மனித உரிமைக் குழு ஒன்று மாதந்தோறும் கூட வேண்டும். சமாதானக் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் அதே தலைவர்களைக் கொண்டு அதை நிரப்பிவிடாதீர்கள். கடற்கரைப் பெண்கள், காணிப் பழங்குடி மக்கள், பட்டியலினத்தார், இஸ்லாமியர், வெளிமாநிலத் தொழிலாளர் அதில் உட்கார வேண்டும். ஆணையத்தின் அமர்வை நாகர்கோவிலில் நடத்தவும் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

இதையும் 'உரிய நடவடிக்கைக்கு' அனுப்பினால் எங்கே போய்ச் சேரும் என்பது எங்களுக்குத் தெரியும். தயவுசெய்து அங்கே அனுப்ப வேண்டாம். மற்றவை தாமதமானாலும், பெண்களை ஃபோனில் அழைப்பதை மட்டுமாவது இந்த வாரமே நிறுத்தி எழுத்தில் உத்தரவு தாருங்கள்.

இங்ஙனம்,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல்கள்